சாமி அறைக்கு வாடகை இல்லை

எங்கள் வீட்டில் முதலில் குடிபுகுந்தவை எடைக்கற்கள். நாங்கள் அல்ல. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்னும் முழுசாகச் சிரிப்பு வரவில்லை.

நான் நிலக்கரிச் சுரங்கத்தில் பெல்ட் பராமரிப்பில் ஃபிட்டராக இருந்தவன். சொந்த ஊர் தெற்கே, சாத்தூர்ப் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றது. வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தேன். குள்ளஞ்சாவடியில் பெண் எடுத்தேன். டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். தண்ணீர், கரண்ட், வாசலில் ஒரு பலா மரம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் குவார்ட்டர்ஸ் என்பது வேலையோடு வந்து வேலையோடு போகிற பொருள். ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். எங்கள் பிளாக்கில் அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். லாரியில் கட்டிலும் பீரோவும் ஏறிவிடும். அந்த வீட்டு அம்மாள் மட்டும் துளசி மாடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள், அதைப் பெயர்த்து எடுப்பதா, அப்படியே விடுவதா என்று.

நமக்கு அப்படி ஆகக் கூடாது என்று பி.எப். கடன் போட்டு, மந்தாரக்குப்பத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் மனை வாங்கி, எழுபதுகளின் நடுவில் ஒரு வீடு கட்டினேன். முன்னால் கூடம், பக்கத்தில் இரண்டு அறைகள், பின்னால் சமையல்கட்டு, கிழக்கு பார்த்துச் சாமி அறை. சாமி அறை என் மனைவி சொன்னபடி கட்டியது. காற்று அடித்து விளக்கு அணையும் என்று அதற்கு ஜன்னல் வேண்டாம் என்றாள். கூரையில் தொங்குவிளக்குக்கு ஒரு கொக்கி, கதவில் சின்ன மணிகள். எங்கள் இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்த பிறகு கடைசிக் காலத்தை அங்கே முருகன் படத்துக்கு முன்னால் கழிப்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

வீடு முடிந்த மாதத்தில் ஊரில் என் அப்பா காலமாகிவிட்டார். வருஷம் திரும்புகிற வரைக்கும் சுபகாரியம் கூடாது. கிரகப்பிரவேசம் தள்ளிப்போயிற்று. பால் காய்ச்சாமல் வீட்டைப் பூட்டிப்போட்டோம். அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் வந்தது.

வந்தது எடைக்கல்லுக்கும் தராசுக்கும் முத்திரை போடுகிற ஆபீஸ். அதுவரைக்கும் இந்தப் பக்கத்து வியாபாரிகள் வருஷா வருஷம் கற்களைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கடலூருக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். இங்கேயே ஆபீஸ் வந்தால் நல்லது என்று கடைக்காரர்கள் நாலு பேர் ஆய்வாளரை என் குவார்ட்டர்ஸுக்கே அழைத்து வந்தார்கள். குடையும் வெற்றிலைப் பெட்டியுமாக வந்த பெரிய மனிதர் அவர். "ரெண்டு வருஷம் போதும் சார். அதுக்குள்ள எங்களுக்குச் சொந்தக் கட்டடம் வந்துரும்," என்றார்.

எனக்கு மனசு இளகிவிட்டது. காரணம் வாடகை மட்டும் இல்லை. எடையில் ஏமாற்றக் கூடாது என்பது எல்லாச் சாமியும் சொன்னது. அதற்கென்று ஓர் இடம் நம் வீட்டில் அமைகிறது என்றால் அது ஒரு புண்ணியம்தானே என்று நினைத்தேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"பால் காய்ச்சாத வூட்ல யாரையும் வெக்கக்கூடாதுங்க."

"குடும்பத்தைத்தான் வைக்கக்கூடாது. ஆபீஸ் என்ன குடும்பமா? அடுப்பு பத்த வைக்கப் போறாங்களா?"

"அடுப்பு பத்தாத வூடு இன்னா வூடு?"

அவள் இப்படிக் கேட்டால் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

வாடகையை நானும் அவர்களும் பேசி முடிக்க முடியாது என்று பிறகுதான் தெரிந்தது. பொதுப்பணித்துறையிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்து அளப்பார், அவர் சொல்வதுதான் வாடகை, அதற்கு நியாய வாடகை என்று பெயர். அவர் வந்த அன்று நான் லீவு போட்டுக் காத்திருந்தேன். கூடத்தை அளந்தார், இரண்டு அறைகளை அளந்தார். சாமி அறைக் கதவைத் திறந்து, "இது என்ன ரூம்?" என்றார்.

"சாமி அறைங்க சார். கிழக்கு பார்த்தது. கொஞ்சம் செருப்பை மட்டும்..." என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் எட்டிப் பார்த்தார், காலை உள்ளே வைக்கவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவரிடம், "பூஜை ரூம்ப்பா. ஆபீஸ் உபயோகம் இல்ல, விடு," என்றார். டேப் சுருண்டு பெட்டிக்குள் போய்விட்டது. சாமிக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கினார் என்று நினைத்து நான் அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏற்றியும் விட்டேன். வாடகை முடிவாகி வந்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. அந்த அறையை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு வாடகையும் இல்லை.

சரி, அது நமக்கே இருக்கட்டும், வருஷம் திரும்பினதும் படம் மாட்டி விளக்கேற்றலாம் என்று தேற்றிக்கொண்டேன். சாவியைக் கொடுத்துச் சில வாரங்கள்கூட ஆகவில்லை. ஒரு நாள் போய்ப் பார்த்தால் சாமி அறை நிறையக் கற்கள்.

கடைக்காரர்களிடம் பறிமுதல் செய்த கள்ளக் கற்கள். அடியில் உள்ள ஈயத்தைச் சுரண்டி எடுத்தவை, பக்கத்தை அரத்தால் ராவித் தேய்த்தவை, கிலோ என்று எழுதியிருக்கும், கிலோ இருக்காது. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. தொங்குவிளக்குக்கு அடித்த கொக்கியில் ஒரு கள்ளத் தராசு தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த ரூமுக்குத்தான் சார் ஜன்னல் இல்ல. பறிமுதல் சாமான் பத்திரமா இருக்கணும்," என்றார் ஆய்வாளர்.

"இதுக்கு வாடகை போடலையே சார்."

"அதனாலதான் சொல்றேன். வாடகை குடுக்கற ரூம்ல வெச்சா ஆபீஸ் எடம் அடைஞ்சிடுது. இது சும்மாதானே கெடக்கு."

சாமி அறையைச் சும்மா கிடக்கிற இடம் என்று சொன்ன மனிதரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. விபூதி பூசாமல் சீட்டில் உட்கார மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருந்தது.

வருஷம் திரும்பியது. கற்களை எடுங்கள், ஒரு நாள் பால் காய்ச்சிக்கொள்கிறோம் என்றேன். கேஸ் முடியாமல் எடுக்க முடியாது என்றார். ஒரு கேஸ் முடியும்போது நாலு கேஸ் புதிதாக வந்திருக்கும். மந்தாரக்குப்பம் வியாபாரிகள் திருந்தினால்தான் எங்கள் வீட்டில் பால் பொங்கும் என்கிற நிலைமை.

மனைவி அதற்காகச் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் ஆபீஸ் மூடுகிற நேரத்துக்குப் போய், அந்த அறையின் பூட்டிய கதவுக்கு வெளியே, வாசற்படியில் ஓர் அகலை ஏற்றி வைத்துவிட்டு வருவாள். நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பியூன் ஒருவர் அங்கே இருந்தார். வாய் கொஞ்சம் நீளம்.

"அக்கா, உள்ள இருக்கறதெல்லாம் கள்ளக் கல்லு. அதுங்களுக்கா வெளக்கு வெச்சிக்கினு கீற?"

"கல்லு இன்னா பண்ணும். அத்த சொரண்டினவன் கை பண்ணதுக்கு அது இன்னா பண்ணும்."

"அப்ப அந்தக் கைக்கு வெளக்கு வெய்யி."

"ஒனக்கும் சேத்துத்தான் வெக்கறேன். போயி பஸ்ஸப் புடி."

ரெண்டு வருஷம் என்றது நாலாயிற்று, ஆறாயிற்று. சொந்தக் கட்டடம் வரவில்லை. நடுவில் கூடத்துத் தரை போயிற்று. முத்திரை குத்துவது என்றால் கல்லைக் கவிழ்த்து வைத்து, அடியில் குழியில் இருக்கிற ஈயத்தின்மேல் உளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பது. அதற்கு ஒரு மரக்கட்டை போட்டிருந்தார்கள். அது உளுத்துப்போனபின் தரையிலேயே வைத்து அடித்தார்கள். நான் பார்த்துப் பார்த்து மெழுகச் சொன்ன சிமெண்டுத் தரை கூடத்தின் நடுவில் வாய் பிளந்துவிட்டது. கேட்டால், தனியார் கட்டடத்தில் அரசாங்கம் ரிப்பேர் செய்யக் கூடாதாம், வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டுமாம். சரி, வாடகையை ஏற்றிக் கொடுங்கள், செய்கிறேன் என்றால், கட்டடம் இந்த நிலைமையில் இருக்கும்போது வாடகையை ஏற்ற முடியாதாம். உடைத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வாடகையும் மாதம் தவறாமல் வந்துவிடாது. "அலாட்மெண்ட் வரலீங்க," என்பார்கள். வருஷக் கணக்கு முடிக்கிற மார்ச் கடைசியில் மொத்தமாக வரும்.

இதையெல்லாம் மனசுக்குள் வைத்திருக்கிற ஆள் இல்லை நான். ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்து கடைத்தெருவில் டீ குடிக்கும்போது சொல்வேன். மார்க்கெட்டில் சொல்வேன், கோயில் பிராகாரத்தில் சொல்வேன். அரிசி மில்காரர் ஒருவர் அதைக் கேட்பதற்கென்றே எனக்கு டீ வாங்கிக் கொடுப்பார். சொல்லச் சொல்லக் கதை நன்றாக வந்தது. பியூன் எப்படிப் பேசுவார், இன்ஜினீயர் எப்படிச் செருப்போடு எட்டிப் பார்த்தார் என்றெல்லாம் நடித்தே காட்டுவேன். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பாரம் இறங்கினாற்போல வீட்டுக்குப் போவேன். அது எவ்வளவு பெரிய பிசகு என்று அப்போது தெரியவில்லை.

ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் இருக்கும்போதே எழுதிக் கொடுத்தேன். எனக்கு வேறு வீடு இல்லை, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், என் வீட்டை எனக்குக் கொடுங்கள். அதற்குள் பழைய ஆய்வாளர் மாற்றலாகி ஒரு சின்ன வயசுக்காரர் வந்திருந்தார். வேதக்காரர், கழுத்தில் சிலுவை போட்டிருப்பார், மரியாதையான பிள்ளை. எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

"உங்க கஷ்டம் புரியுதுங்கய்யா. இப்பவே கடலூருக்கு அனுப்பிடறேன்."

கடலூர் மெட்ராசுக்கு அனுப்பியது. அரசாங்கக் கட்டடம் ஏதாவது காலியாக இருக்கிறதா என்று மெட்ராஸ் கேட்டது. இல்லை என்று சான்று வாங்கி அனுப்பினார்கள். அப்படியானால் வேறு தனியார் கட்டடம் பாருங்கள் என்று வந்தது. அதற்கே ஒரு வருஷம் போய்விட்டது. அந்தப் பிள்ளை என்னைக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஐயா, நானும் கேட்டுப் பாத்துட்டேன். வெளியூர்க்காரன், எனக்கு ஆள் தெரியல. நீங்க ஒரு எடம் பாத்துக் குடுத்தா சீக்கிரம் முடியும்."

என் வீட்டில் இருக்கிற வாடகைக்காரருக்கு நானே வீடு தேடிக்கொண்டு போனேன். முதலில் போன இடம் அந்த அரிசி மில். மில்காரருக்குக் கடைத்தெருவை ஒட்டி ஒரு கிடங்கு சும்மா இருந்தது.

"வாங்க அண்ணாச்சி, ஒக்காருங்க. யாருக்குக் கேக்கறீங்க?"

"கவர்மெண்டுக்கு. நல்ல பார்ட்டி. சண்டை சச்சரவு கிடையாது. நேரத்துக்கு வருவாங்க, நேரத்துக்குப் போவாங்க."

"போவாங்களா?"

மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மில்காரர் சிரிக்காமல் சொன்னார்.

"போன தீவாளிக்கு இதே பெஞ்சில ஒக்காந்துகினு நீங்க இன்னா சொன்னீங்க? பாம்பக்கூட வூட்ல வுடலாம், சட்டைய உரிச்சிப் போட்டுட்டுப் போயிரும், ஆபீச வுட்டா தரையப் பேத்துப் போட்டுக்கினு ஒக்காந்துக்கும்னீங்க. நான் அத்த எங்கூட்ல கூட சொல்லி வெச்சிருக்கேன்."

அடுத்த இடத்தில் ஜவுளிக்கடைக்காரர். அவர் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "செருப்போட எட்டிப் பாத்தாரே, அந்த இன்ஜினீயர்தான் இதையும் அளப்பாரா?" என்று கேட்டார். மூன்றாவது இடத்தில் வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மந்தாரக்குப்பம் பூராவும் என் கதை எனக்கு முன்னால் போய் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்திருந்தது.

வீட்டில் சொன்னேன். மனைவி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம் இல்ல. நானுந்தான வெள்ளிக்கெழமக்கி வெள்ளிக்கெழம போறேன். முருகன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். அவரு யார்கிட்டயும் சொல்லல."

ரிட்டயர் ஆனேன். மாலை போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. குவார்ட்டர்ஸில் சில மாதம் தவணை உண்டு. தவணை முடிந்த பிறகும் இருந்தேன். அபராத வாடகை பிடித்தார்கள். கரண்டை வெட்டுவோம் என்று ஹவுசிங் பிரிவிலிருந்து ஆள் வந்து சொன்னார். "காலி பண்றேன் தம்பி, என் வீடு கிடைக்கலை," என்றேன். "எல்லாரும் அதைத்தான் சார் சொல்றாங்க," என்றார்.

ஒரு நாள் காலையில் ஒரு சின்ன வயசு ஜோடி வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. அந்தப் பையன் என் பிரிவில்தான் புதிதாகப் பெர்மனெண்ட் ஆனவன். இந்த வீடு அவனுக்கு ஒதுக்கி ஆர்டர் ஆகியிருந்தது. அந்தப் பெண் முழுகாமல் இருந்தாள். பலா மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஒண்ணும் அவசரம் இல்லீங்க, சும்மா பாத்துட்டுப் போலாம்னு," என்றான் அவன். நான் ஆய்வாளரிடம் போகும்போது பேசுகிற அதே தணிந்த குரல். அவர்கள் போன பிறகு மனைவியிடம், "நான் அந்த ஆபீஸ் ஆயிட்டேன்," என்றேன். அவள் அன்றைக்கே பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மந்தாரக்குப்பத்தில், என் வீட்டுக்கு அடுத்த தெருவில், ஒரு போர்ஷன் வாடகைக்குப் பிடித்தோம். சொந்த வீட்டைத் தினமும் கடந்துதான் கடைக்குப் போக வேண்டும். உள்ளே சுத்தியல் சத்தம் கேட்கும். கேட்டுக்கொண்டே போவேன்.

வாடகை வீட்டில் பால் காய்ச்சச் சொன்னபோது மனைவி மாட்டேன் என்றுவிட்டாள். "மொதப் பாலு என் வூட்லதான்," என்றாள். நான் போய் ஆய்வாளரிடம் இதைச் சொன்னேன். அவர் நல்ல மனசோடு ஒரு வழி சொன்னார்.

"ஞாயித்துக்கெழமை பியூனை வந்து தெறக்கச் சொல்றேங்கய்யா. கூடத்துல பால் காய்ச்சிட்டு, சாயங்காலம் பூட்டிடலாம்."

மனைவியிடம் வந்து சொன்னேன்.

"காச்சிட்டுப் பூட்டிக்கினு போறதுக்கு அது இன்னா சத்திரமா?" என்றாள். பிறகு ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அந்தச் சாமி ரூமுக்கு அவங்க வாடக குடுக்கறாங்களா?"

"அதுதான் ஆரம்பத்திலேர்ந்தே இல்லையே."

"அப்ப அது யார் வூடு?"

பத்து வருஷமாக நான் அந்த அறைக்கு வாடகை இல்லையே, வாடகை இல்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

வைகாசி வளர்பிறையில் காலண்டரைப் பார்த்து நாள் குறித்தாள். வேலை நாள். நல்ல நேரம் ஆபீஸ் திறந்ததற்கு அப்புறம்தான் வந்தது. நிறைகுடம், உப்பு, மஞ்சள், ஒரு படி அரிசி, முருகன் படம், மண்ணெண்ணெய் ஸ்டவ், பித்தளைச் சொம்பில் பால் எல்லாம் எடுத்துக்கொண்டு, பெண்கள் இருவரும் மாப்பிள்ளைகளும் பின்னால் வர, போய் நின்றோம். கூடத்தில் வியாபாரிகள் கற்களோடு வரிசையில் இருந்தார்கள். சுத்தியல் நின்றுவிட்டது. ஆய்வாளர் எழுந்து வந்தார்.

"அம்மா, இது ஆபீஸ் நேரம்..."

"தெரியும் தம்பி. நீ ஒன் வேலயப் பாரு. நான் என் ரூமுக்குப் போறேன். அதுல ஒங்க சாமான் கீது, அத்த மட்டும் எடுத்துக்கோ."

"அது பறிமுதல் சாமான்மா. மேலேர்ந்து ஆர்டர் இல்லாம எடம் மாத்தக் கூடாது."

"நான் இன்னா தெருவுலயா போடச் சொல்றேன்? இந்த வாசப்படிக்கு அந்தப் பக்கம் என் எடம், இந்தப் பக்கம் ஒங்க எடம். ஒங்க சாமான ஒங்க எடத்துல வெச்சிக்கினா எந்த ஆர்டர் வேணாங்குது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரை விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலையில் நிறைகுடத்தோடு நின்றாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவர் மேசைக்குப் போய்ச் சாவிக்கொத்தை எடுத்துப் பியூனிடம் கொடுத்தார்.

பியூனும் நானும் மாப்பிள்ளைகளும் கற்களைத் தூக்கினோம். வரிசையில் இருந்தவர்களில் இரண்டு பேரும் கை கொடுக்க வந்தார்கள். அதில் ஒருவர் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்து, "இது எங்கூட்டுக் கல்லு மாதிரி கீதே," என்றார்.

"கைய எடு சாமி," என்றார் பியூன். "பேசாம இரு. அது மேல கேஸு கீது. ஒன் மேல இன்னும் இல்ல."

எல்லாக் கற்களும் வெளியே வந்தன. ஆய்வாளர் மேசையைச் சுற்றியும் மேசைக்கு அடியிலும் நாற்காலிக்குப் பின்னாலும் அடுக்கினோம். வேறு இடம் இல்லை. அறையைக் கழுவிவிட்டு, கோலம் போட்டு, வலது காலை வைத்து உள்ளே போனோம். அந்தத் தராசை நான்தான் கொக்கியிலிருந்து கழற்றினேன். துருப்பிடித்து மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

பால் பொங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. ஸ்டவ் திரி சரியில்லை. கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தபோது மனைவி, "அப்பனே முருகா," என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அங்கே இருந்த எல்லாருக்கும் பால் கொடுத்தோம். கள்ளக் கல் கேஸ்காரர்களும் அதில் இருந்திருப்பார்கள். ஆய்வாளர் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே குடித்தார்.

சாயங்காலம் அவள் அந்த அறைக்குத் தன் சொந்தப் பூட்டைப் போட்டாள். அதன்பிறகு தினமும் ஆபீஸ் திறந்ததும் போய் விளக்கேற்றிவிட்டு வருவாள். வியாபாரிகள் விபூதி கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டு முத்திரைக்குப் போனார்கள். நாங்கள் குடியிருந்தது மட்டும் அடுத்த தெருவில், வாடகைக்கு.

கால் நீட்ட இடமில்லாத அந்தப் பிள்ளை ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடலூருக்கு எழுதினார். பறிமுதல் சாமான்களுக்குப் பூட்டு உள்ள அறை இல்லை, கூடத்தில் பாதுகாப்பு இல்லாமல் கிடக்கின்றன என்று. இந்தத் தடவை மெட்ராஸிலிருந்து பதில் உடனே வந்தது. பாதுகாப்பான அறையோடு வேறு கட்டடம் பார்க்கலாம், வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை என்று. ஒரு மனிதனுக்கு இருக்க இடமில்லை என்று நான் வருஷக்கணக்காக எழுதியபோது அசையாத ஆபீஸ், கள்ளக் கல்லுக்கு இடமில்லை என்றதும் அசைந்தது. முருகன் இருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றைக்கு அவனிடம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

அரிசி மில்காரர் கூடுதல் வாடகை என்றதும் யோசித்தார். ஒரு காலையில் என் போர்ஷனுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. குடுக்கலாமா, வேணாமா?"

மனைவி உள்ளேயிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பாம்புக் கதை எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பொய் சொல்லவும் மனசில்லை, பழைய கதையைத் திரும்ப எடுக்கவும் பயம்.

"அந்த ஆய்வாளர் தங்கமான பிள்ளை," என்றேன். அது உண்மை. "அளக்க வரும்போது மட்டும் சாமி அறைன்னு ஒண்ணைக் காட்டாதீங்க."

ஆபீஸ் மில்காரரின் கிடங்குக்குப் போயிற்று, என் வீடு காலியானது. தரையை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். அரசாங்கத்திடமிருந்து இனி எனக்கு வர வேண்டியது ஒன்றும் இல்லை என்று கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு தடவை பொங்கிய பால் போதும் என்று மனைவி இரண்டாவது தடவை காய்ச்சவில்லை. சமையல்கட்டில் உலை வைத்தாள். நான் கடிகாரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கூடத்தில் மாட்டினேன்.

மாட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒருவர் சாக்குமூட்டையைத் தொப்பென்று இறக்கினார். உள்ளே எட்டிப் பார்த்து, "சார், முத்திர எப்ப போடுவீங்க? குள்ளஞ்சாவடிலேர்ந்து வரேன்," என்றார்.

பிறந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் மனைவி சமையல்கட்டிலிருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்துவிட்டாள். அந்த ஊரில் யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்து முடித்த பிறகுதான் அரிசி மில்லுக்கு வழி சொன்னாள்.